உள்நாட்டைக் காக்கும் படைப்பிரிவு: சிங்கப்பூரின் 2ஆம் மக்கள் தற்காப்புப் படை பற்றிய கேள்வி பதில்

பயங்கரவாத எதிர்ப்பிலும் உள்நாட்டுப் பாதுகாப்பிலும் இராணுவத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். பொதுவாகப் பதில் சொல்வதைவிட, நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வரும் ஒரு படைப்பிரிவை எடுத்துக்கொண்டு விளக்குவது பயனுள்ளதாக இருக்கும். அது சிங்கப்பூர்த் தரைப்படையைச் சேர்ந்த 2ஆம் மக்கள் தற்காப்புப் படை. நானும் சிங்கப்பூரின் கட்டாய இராணுவப் பணியான தேசிய சேவையைச் செய்தவன் என்பதால், பொதுவெளியில் உள்ள செய்திகளை மட்டுமே இங்கே பேசுகிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, இது உண்மையில் ஒரு டிவிஷனா, அல்லது ஊர்க்காவல் படை போன்ற துணை அமைப்பா?

இது தரைப்படையின் முழுமையான ஒரு டிவிஷன்தான், அதாவது பல படையணிகள் அடங்கிய பெரும் பிரிவு, தம்பி. இதன் தலைமையகம் கிளமெண்டி முகாமில் இருக்கிறது. பிரிகேடியர் ஜெனரல் நிலையிலான அதிகாரிகள் இதற்குத் தலைமை தாங்குவது வழக்கம். ஆனால் 3ஆம் டிவிஷன் போன்ற போர்க்கள டிவிஷன்கள் கவச வாகனங்கள், பீரங்கிகள், பொறியாளர்கள் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு எதிரிப் படையோடு மோதுவதற்காக அமைக்கப்பட்டவை. 2ஆம் மக்கள் தற்காப்புப் படையோ நாட்டுக்குள்ளேயே நின்று முக்கிய நிலையங்களைக் காப்பதற்கும், பேரிடர் நேரத்தில் இராணுவத்தின் ஆட்களையும் வளங்களையும் குடிமை அமைப்புகளுக்கு ஒருங்கிணைத்துக் கொடுப்பதற்கும் அமைந்தது. அதன் பலத்தில் பெரும்பகுதி, முழுநேரச் சேவையை முடித்துவிட்டு வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பிய போர்க்காலப் படையினர்.

பினாங்கிலிருந்து ஒரு வாசகர்: இத்தகைய படை சிங்கப்பூரில் எப்போது தொடங்கியது?

வேரைத் தேடினால் 1854 வரை போகலாம். அந்த ஆண்டு ஹொக்கியன், தியோச்சியூ என்ற சீனச் சமூகத்தாரிடையே பெருங்கலவரம் மூண்டபோது, ஊரில் ஒழுங்கைக் காக்க ஆட்கள் போதவில்லை என்பதால் சிங்கப்பூர்த் தொண்டூழிய (தன்னார்வ)த் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. 1965 ஆகஸ்டில் நாடு மலேசியாவிலிருந்து பிரிந்து தனித்து நின்ற பிறகு, அவ்வாண்டு டிசம்பரில் மக்கள் தற்காப்புப் படைச் சட்டம் நிறைவேறியது; தொண்டூழியப் படையின் மரபு அதற்குள் வந்து சேர்ந்தது. 1967இல் கட்டாயத் தேசிய சேவை வந்ததும், குடிமக்களே படையினர் என்ற அமைப்பு முழு வடிவம் பெற்றது.

அந்தத் தொடக்க ஆண்டுகளின் அச்சத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1965 மார்ச் 10 அன்று, இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள மெக்டானல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள். 33 பேர் காயமடைந்தார்கள். வங்கிக் கிளையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்த சாதாரண மக்கள்தான் அதில் பாதிக்கப்பட்டார்கள். எல்லையில் போர் நடக்காமலேயே நகரத்தின் நடுவில் உயிர்கள் போகலாம் என்பதை இந்நாடு பிறப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டுவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வழக்கறிஞர்: பயங்கரவாதம் காவல்துறையின் பொறுப்பல்லவா? இராணுவத்தை ஏன் இதற்குள் இழுக்க வேண்டும்?

முதன்மைப் பொறுப்பு காவல்துறைக்கும் உள்துறை அமைச்சுக்கும்தான். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் சில இடங்களைப் பகலும் இரவும், ஆண்டு முழுவதும், ஆயுதத்தோடு காக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவைப்படும் ஆள்பலத்தைக் காவல்துறையிலிருந்து எடுத்தால், ரோந்துக்கும் புலனாய்வுக்கும் ஆள் இருக்காது. இராணுவம் ஏன் வருகிறது என்பதை இரண்டு நிகழ்ச்சிகளை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, 1974 ஜனவரி 31. ஜப்பானியச் செம்படை என்ற ஆயுதக் குழுவைச் சேர்ந்த இருவரும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியைச் சேர்ந்த இருவரும் படகில் புக்கோம் தீவில் இறங்கி, அங்கிருந்த ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிகுண்டுகளை வைத்தார்கள். சேதம் பெரிதாகவில்லை. ஆனால் தப்பிக்கும் வழியில் லாஜு என்ற படகைக் கைப்பற்றி, அதன் ஊழியர்களைப் பணயக் கைதிகளாக வைத்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை நாள்கணக்கில் இழுத்தது. இடையில் குவைத்தில் உள்ள ஜப்பானியத் தூதரகமும் அவர்களுடைய தோழர்களால் கைப்பற்றப்பட்டது. இறுதியில் பிப்ரவரி 8 அன்று அந்த நால்வரும் குவைத்துக்கு விமானத்தில் அனுப்பப்பட்டபோது, அவர்களுக்கு உத்தரவாதமாக 13 சிங்கப்பூர் அதிகாரிகள் உடன் சென்றார்கள். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அப்போது தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, வேவுப் பிரிவுக்கு இயக்குநராக இருந்த எஸ். ஆர். நாதன். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக 12 ஆண்டுகள் பணியாற்றிய அந்தத் தமிழர், ஆயுதம் ஏந்திய நான்கு பேரோடு அன்று விமானம் ஏறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது. ஓர் எண்ணெய் ஆலையின் கரையில் கண்காணிப்பு தளர்ந்திருந்தால் ஒரு நாடே எட்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதுதான் அதில் எனக்குத் தெரியும் பாடம்.

இரண்டாவது, 2001 டிசம்பர். அமெரிக்காவில் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து மூன்று மாதங்கள் ஆன நிலையில், தென்கிழக்காசியப் பயங்கரவாத அமைப்பான ஜெமா இஸ்லாமியாவின் சிங்கப்பூர் உறுப்பினர்களை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கைது செய்தது. வெளிநாட்டுத் தூதரகங்களை லாரி வெடிகுண்டுகளால் தாக்குவதற்காக அவர்கள் ஏற்கெனவே 4 டன் அம்மோனியம் நைட்ரேட் வாங்கி வைத்திருந்தார்கள். மேலும் 17 டன் தேடினார்கள். செம்பவாங் கப்பல்துறையிலிருந்து ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அமெரிக்கப் படையினரை ஏற்றிச் செல்லும் பேருந்தை வேவு பார்த்துப் பதிவு செய்த காணொளி, பின்னர் ஆப்கானிஸ்தானில் ஒரு வீட்டில் கிடைத்தது. தங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ரயில் நிலையத்தை யாரோ மறைவாகப் படம் பிடித்திருக்கிறார்கள் என்று மக்கள் அறிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி சிறியதல்ல.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், 2ஆம் மக்கள் தற்காப்புப் படையின் வழக்கமான காவல் இடங்களாக ஜூரோங் தீவு, செம்பவாங் கப்பல்துறை, சாங்கி விமான நிலையம் ஆகியவை ஏன் சொல்லப்படுகின்றன என்பது விளங்கும்.

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர்: ஜூரோங் தீவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

தெற்கே இருந்த ஏழு சிறு தீவுகளைக் கடலைத் தூர்த்து ஒன்றாக்கி அமைத்த தீவு அது. பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர். சுத்திகரிப்பு ஆலைகளும் பெட்ரோ ரசாயன ஆலைகளும் சேமிப்புத் தொட்டிகளும் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஓர் ஆலையின் கழிவுப்பொருள் அடுத்த ஆலைக்கு மூலப்பொருளாகக் குழாய் வழியே போகிறது. பொருளாதாரத்துக்கு ஆதாயமான அந்த நெருக்கமே பாதுகாப்புக் கோணத்தில் பெரிய ஆபத்து. 2001ஆம் ஆண்டு, செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த சில வாரங்களுக்குள், தீவு முழுவதும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நிலப்பரப்போடு இணைக்கும் ஒரே பாலத்தின் வாயிலில் ஒவ்வொரு வாகனமும் ஒவ்வோர் அனுமதிச் சீட்டும் சரிபார்க்கப்படுகின்றன. கடற்புறத்தைக் கடற்படையும் கடலோரக் காவல்படையும் பார்த்துக்கொள்கின்றன.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை: அங்கே காவலுக்கு நிற்கும் வீரர்கள் யார்? அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் உங்கள் வகுப்பில் படித்து முடித்து வேலைக்குப் போன மாணவர்களைப் போன்றவர்கள்தாம், அம்மா. சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ இரண்டாம் தலைமுறை நிரந்தரவாசிகளாகவோ உள்ள ஆண்கள் 18 வயதுக்கு மேல் இரண்டு ஆண்டுகள் முழுநேரச் சேவை செய்கிறார்கள். அதன் பிறகும் சாதாரண நிலையினர் 40 வயது வரையிலும் அதிகாரிகள் 50 வயது வரையிலும் ஆண்டுக்கு 40 நாள்களுக்கு மிகாமல் முகாம் பயிற்சிக்கு அழைக்கப்படலாம். அப்படி அழைக்கப்படும் ஒரு பட்டாலியனுக்குக் காட்டுப் பயிற்சிக்குப் பதிலாகக் காவல் பணி கிடைக்கலாம். முந்தின வாரம் வரை வங்கியில் கணக்குப் பார்த்தவரும், டாக்ஸி ஓட்டியவரும், மருத்துவமனையில் வேலை செய்தவரும் சேர்ந்து ஒரு வாயிலில் நிற்பார்கள். பிரிவில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் இருப்பார்கள். அணிவகுப்புக் கட்டளை மட்டும் எல்லாருக்கும் மலாய் மொழியில்தான்.

முதலில் பணிக்குரிய பயிற்சி நடக்கும்: வாகனத்தை எங்கே நிறுத்திச் சோதிப்பது, ஓட்டுநரிடம் எந்தக் குரலில் பேசுவது, கைவிடப்பட்ட ஒரு பையைக் கண்டால் யாருக்குச் சொல்லி எவ்வளவு தூரம் விலகுவது, எச்சரிக்கையை எந்த வரிசையில் விடுப்பது, எந்த நிலையில் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம், எந்த நிலையில் கூடவே கூடாது என்பன போன்றவை. அதன் பிறகு முறை வைத்துக் காவல். கையில் இருக்கும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கி ஒரு முறைகூடச் சுடப்படாமல் அந்தப் பணி முடிய வேண்டும் என்பதே ஒவ்வொரு தளபதியின் விருப்பமும்.

இந்தப் பணியைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. போர்ப் பயிற்சி ஒருவனுக்கு வேகத்தைக் கற்றுக்கொடுக்கிறது. இங்கே தேவைப்படுவது நிதானம். வாயிலுக்கு வரும் ஆயிரமாவது லாரியையும் முதல் லாரியைப் போலவே பார்க்க வேண்டும். அதே சமயம் அந்த லாரியை ஓட்டி வருபவர் களைத்துப்போன ஓர் எளிய தொழிலாளி என்பதையும் மறக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கும் 22 வயது இளைஞனை உருவாக்குவது, ஒரு பீரங்கிப் படையை உருவாக்குவதைவிட எந்த விதத்திலும் எளிதானதல்ல.

கோயம்புத்தூர் வழக்கறிஞர் மீண்டும்: ஓர் இராணுவ வீரர் குடிமகனைச் சோதிக்கவும் கைது செய்யவும் எந்தச் சட்டம் இடம் தருகிறது? இது தவறாகப் பயன்படுத்தப்படாதா?

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்தேன். முன்னர், காவல் இடங்களில் நிற்கும் வீரருக்கான அதிகாரம் பாதுகாக்கப்பட்ட பகுதிகள், இடங்கள் பற்றிய சட்டத்திலிருந்து வந்தது. அதன் இடத்தில் 2017இல் உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆயுதப் படைச் சட்டம் திருத்தப்பட்டு, பாதுகாப்பு நடவடிக்கைக்கு முறைப்படி அனுப்பப்படும் வீரர்கள் சோதனையிடவும், சந்தேகத்துக்குரியவரைத் தடுத்து வைக்கவும், கைது செய்யவும், தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தவும் அதிகாரம் பெற்றார்கள். அந்த அதிகாரம் சீருடையோடு தானாக வருவதில்லை. அரசு அனுமதித்த நடவடிக்கையில், குறித்த பணிக்காக, அதற்கான பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே கிடைக்கிறது. பணி முடிந்து முகாமை விட்டு வெளியே வந்ததும் அவர் உங்களையும் என்னையும் போன்ற ஒரு குடிமகன்.

தவறாகப் பயன்படாதா என்ற கவலை நியாயமானது. இராணுவத்தை உள்நாட்டுப் பணியில் ஈடுபடுத்திய பல நாடுகளின் வரலாறு அந்தக் கவலைக்குக் காரணம் தருகிறது. என் கருத்தில், அதிகாரத்தை எழுத்தில் வரையறுக்காமல் விடுவதுதான் மிகவும் ஆபத்தானது. வரம்பு தெளிவாக இல்லாவிட்டால், அச்சத்தில் இருக்கும் இளம் வீரன் ஒன்று செயலற்று நிற்பான், அல்லது அளவு மீறுவான். இரண்டுமே உயிரைப் பறிக்கும். ஆகவே 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் நாடாளுமன்றமும் பொதுமக்களும் அதன்மீது கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்: இந்தியாவின் தேசியப் பாதுகாப்புப் படையினரைப் போல இவர்கள் பணயக் கைதிகளை மீட்கவும் செல்வார்களா?

இல்லை. அது வேறு வகைப் பணி. 1991 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 117 விமானம் கடத்தப்பட்டுச் சாங்கியில் நின்றபோது, உள்ளே நுழைந்து கடத்தல்காரர் நால்வரையும் கொன்று, பயணிகள் அனைவரையும் உயிரோடு மீட்டது கமாண்டோக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சிறப்பு நடவடிக்கைப் படை. 2008 நவம்பரில் பத்துப் பேர் கடல் வழியாக வந்து மும்பையைத் தாக்கியதும், அந்தக் கொடுமையில் ஒரு சிங்கப்பூரரும் உயிரிழந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு அடுத்த ஆண்டு, 2009இல், சிங்கப்பூரின் சிறப்பு நடவடிக்கைப் பணிக்குழுவும், கடற்புறத்துக்கான கடல்சார் பாதுகாப்புப் பணிக்குழுவும் அமைந்தன. இந்தியாவிலும் அதே ஆண்டில் தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை உள்ளிட்ட நகரங்களில் மையங்கள் தொடங்கப்பட்டன. மும்பையிலிருந்து எல்லா நாடுகளும் கற்றது, தாக்குதல் தொடங்கிய முதல் நிமிடங்களில் அருகில் யார் இருக்கிறார்கள் என்பதே உயிர்களைத் தீர்மானிக்கிறது என்பது. சிங்கப்பூர்க் காவல்துறை 2016இல் தொடங்கிய அவசரகாலச் செயற்குழுக்கள் அதற்காகவே ரோந்து வருகின்றன.

சிங்கப்பூரிலிருந்து ஓர் அண்ணன்: 2016இல் தீவுத் தற்காப்புப் பணிக்குழு என்று அறிவித்தார்களே, அது புதிய படையா?

புதிய படையல்ல, அண்ணே. 2ஆம் மக்கள் தற்காப்புப் படையின் தலைமையகத்தையே மையமாக வைத்து, நாட்டுக்குள் நடக்கும் நடவடிக்கைகளுக்கு ஒரே கட்டளைத் தலைமையை உருவாக்கினார்கள். அதன் தொடர்ச்சியாகப் பயிற்சிக்கென ஒரு கழகமும் வந்தது. அதிக எண்ணிக்கையில் பட்டாலியன்கள் உள்நாட்டுப் பாதுகாப்புக்குப் பழக்கப்படுத்தப்பட்டன. காலமும் அதைக் கேட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலிருந்து சிங்கப்பூர் நகர மையத்தில் உள்ள மரினா பேயை நோக்கி ராக்கெட் ஏவத் திட்டமிட்ட ஒரு குழுவை இந்தோனேசியக் காவல்துறை கைது செய்தது. நம் கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கிற தீவு அது.

காவல்துறையோடு சேர்ந்து ஒத்திகை பார்ப்பது அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. லண்டன் ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பின், 2006 ஜனவரியில் நார்த்ஸ்டார் பயிற்சி நான்கு எம்ஆர்டி நிலையங்களிலும் ஒரு பேருந்து முனையத்திலும் நடந்தது. ஒத்திகை மட்டுமின்றி உண்மையான தேவையும் வந்தது: 2008 பிப்ரவரியில் ஜெமா இஸ்லாமியாவின் சிங்கப்பூர்த் தலைவர் மாஸ் செலாமாட் விட்லி சாலைத் தடுப்பு மையத்திலிருந்து தப்பியபோது, காவல்துறையோடும் கூர்க்கா படையினரோடும் சேர்ந்து இராணுவத்தினரும் காடுகளைச் சல்லடையாகச் சலித்தார்கள். அவர் மறு ஆண்டு ஜோகூரில் பிடிபட்டார்.

ஈப்போவிலிருந்து ஒரு வாசகர்: துப்பாக்கியோடு வீரர்கள் நிற்பதால் பயங்கரவாதம் தடுக்கப்படுகிறது என்று நீங்கள் உண்மையாகவே நம்புகிறீர்களா?

அது மட்டுமே தடுக்கிறது என்று நான் நம்பவில்லை. மேலே சொன்ன 2001, 2016 சதிகள் இரண்டும் உளவுத் தகவலாலும் அண்டை நாட்டு ஒத்துழைப்பாலும் முறியடிக்கப்பட்டவை. வாயிலில் நிற்கும் வீரர் கடைசி அடுக்கு. அந்த அடுக்கு இருப்பதால் தாக்க நினைப்பவனின் திட்டம் கடினமாகிறது, கூடுதல் ஆட்களும் கூடுதல் காலமும் தேவைப்படுகின்றன, அவை தேவைப்படும்போது அவன் உளவுத்துறையின் கண்ணில் படும் வாய்ப்பும் கூடுகிறது. அந்த அளவில் அதன் பயன் பெரிது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது சமூகத்தின் ஒற்றுமை. ஜெமா இஸ்லாமியா கைதுகளுக்குப் பின் முஸ்லிம் மக்கள்மீது சந்தேகப் பார்வை விழக்கூடாது என்பதற்காக 2002இல் தொகுதிதோறும் இன நல்லிணக்க வட்டங்கள் தொடங்கப்பட்டன. 2003 முதல் சமய அறிஞர்கள் தாமாக முன்வந்து, தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு அறிவுரை கூறும் சமய மறுவாழ்வுக் குழுவை நடத்தி வருகிறார்கள். குண்டு வெடித்த மறுநாள் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத் துப்பாக்கி ஏந்திய எந்த டிவிஷனாலும் காக்க முடியாது. 2016 செப்டம்பரில், பயங்கரவாதத்தை எதிர்கொள்ளப் பொதுமக்களைத் தயார்ப்படுத்தும் எஸ்ஜி செக்யூர் இயக்கம் தொடங்கப்பட்டதன் நோக்கத்தில் ஒரு பாதி இதுதான்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தாய்: என் மகன் அடுத்த ஆண்டு சேவைக்குப் போகிறான். இத்தகைய பணியில் போட்டால் ஆபத்தா?

அக்கா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் இதே கேள்வியைக் கேட்டவர். பயிற்சி இல்லாத ஒருவரை ஆயுதத்தோடு வாயிலில் நிறுத்த மாட்டார்கள். வீரர் தனியாக நிற்பதில்லை. குழுவாகவே பணி செய்வார். வெப்பமும் தூக்கக் குறைவும்தான் அன்றாடச் சிரமங்கள். உடல்நிலை சரியில்லை என்றால் மறைக்காமல் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் மகனிடம் சொல்லி அனுப்புங்கள். வெட்கப்பட்டு மறைப்பதுதான் பல நேரங்களில் தீங்கு செய்கிறது.

சேலத்திலிருந்து ஒரு மருத்துவர்: பேரிடர் காலத்தில் இராணுவம் என்ன செய்தது?

1986 மார்ச்சில் நியூ வேர்ல்டு ஹோட்டல் இடிந்து 33 பேர் இறந்தபோது, இடிபாடுகளிலிருந்து 17 பேரை உயிரோடு மீட்ட பணியில் இராணுவத்தினரும் இருந்தார்கள். அண்மைய எடுத்துக்காட்டு கொவிட் காலம். 2020 பிப்ரவரித் தொடக்கத்தில், வீட்டுக்கு நான்கு வீதம் 13 லட்சம் குடும்பங்களுக்குக் கொடுப்பதற்காக, 52 லட்சம் முகக்கவசங்களைச் சுமார் 1,500 வீரர்கள் பிரித்துக் கட்டினார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் தொற்று பரவியபோது, உணவு, மருத்துவ உதவி, தங்குமிட ஏற்பாடு ஆகியவற்றை ஒருங்கிணைக்க ஆயுதப் படையினர் விடுதிகளுக்கே சென்றார்கள். அங்கே அறையை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தவர்களில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் மிகப் பலர்.

ராமநாதபுரத்தைச் சேர்ந்த, ஜூரோங் தீவில் வேலை செய்யும் ஒரு தம்பி: அண்ணே, வேலையிடத்தில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா? வாயிலில் சோதிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

தம்பி, பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதியின்றிப் படமோ காணொளியோ எடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். தெரியாமல் எடுத்துவிட்டு அதிகாரி நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள், வாதாட வேண்டாம். அனுமதிச் சீட்டை எப்போதும் கையோடு வைத்திருங்கள், காலாவதியாகும் முன்பே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். வாயிலில் பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். அது உங்கள்மீது சந்தேகம் என்று பொருளில்லை, எல்லாருக்கும் அதே நடைமுறைதான். சொன்னது புரியவில்லை என்றால் தயங்காமல் திரும்பக் கேளுங்கள். காவலில் நிற்பவர்களில் தமிழ் பேசும் ஒருவர் இருக்கக்கூடும். வீட்டுக்குப் படம் அனுப்ப விரும்பினால், வார விடுமுறையில் லிட்டில் இந்தியாவிலோ கடற்கரையிலோ எடுத்து அனுப்புங்கள்.